எதிரியின் கொடிக்கம்பி

எங்கள் பெரியம்மாவுக்கு மறதி என்ற வியாதி கிடையாது. சின்ன வயதில் அவளுடைய பென்சிலை ஒடித்தவள் யார், பஸ்ஸில் அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் இறங்கியவன் எந்த நிறுத்தத்தில் இறங்கினான், எல்லாம் இப்போதுதான் நடந்ததுபோலச் சொல்வாள். தெருவில் எல்லோரும் அவளை 'ஊசி' என்பார்கள். தையல்காரி என்பதால் அந்தப் பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

அவள் புதுத்துணி தைப்பதில்லை. ஆல்டரேஷன் மட்டும்தான். இறுக்கமானதைத் தளர்த்துவாள், தொளதொளப்பைப் பிடிப்பாள், பேன்ட் காலைக் குட்டையாக்குவாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள். வீட்டின் முன் அறை ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மிஷின். எதிரே வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அவளை எடுத்தெறிந்து பேசினவர்களுக்கு அவள் பதில் சொல்லவே மாட்டாள். துணி சொன்ன நாளில் கச்சிதமாகத் திரும்பிப் போகும். ஆனால் ஒரு பாக்கெட்டின் வாய் மட்டும் தைக்கப்பட்டிருக்கும். அதே நிற நூல், கண்ணுக்கே தெரியாத தையல். எங்கேயோ நாலு பேர் நடுவில் அவர்கள் சில்லறைக்குக் கையை விட்டு, கை உள்ளே போகாமல் முழிப்பார்கள் இல்லையா, அந்த ஒரு நொடிக்காகத்தான் அத்தனை பாடும். "அந்த மூஞ்சியை நான் பாக்கணும்னு அவசியமில்லடி. நினைச்சாலே போதும்" என்பாள்.

பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் வேண்டாம் என்று முடிவு செய்த பிறகு, தையல் கற்றுக்கொள் என்று அம்மா என்னை இவளிடம் கொண்டுவந்து விட்டாள். கற்றுக்கொண்டது தையல் கொஞ்சம், மற்றது நிறைய.

பெரியம்மாவின் மிகப் பெரிய கோபம் மகள்மேல். அக்காவுக்குத் தூர தேசத்து வானொலி நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. நம் மொழியில் செய்தி வாசிக்கிற வேலை. அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டு, பெரியம்மா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புதுத்துணி தைத்தாள். கனமான கம்பளிக் கோட்டு. கிளம்புகிற அன்று அக்கா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு அங்க போய் இறங்கினா கரடி வந்திருக்குன்னு சொல்லுவாங்கம்மா" என்றாள். பேச்சு பேச்சாக வளர்ந்தது. கடைசியில் வாசலில் நின்றுகொண்டு அக்கா சொன்னாள்: "உன் குரல் கேக்காத ஊர்ல கொஞ்ச நாளாவது நிம்மதியா இருக்கேன், விடு."

பெரியம்மா கத்தவில்லை. அதுதான் பயம். "அப்படியா? சரி. இனிமே என் குரல் உன் காதுல விழாது" என்று மட்டும் சொன்னாள். கோட்டை உள்ளே எடுத்துப்போய், மடித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் திணித்தது அவள்தான். அக்கா தடுக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா போன் பண்ணினால் நான்தான் எடுக்க வேண்டும். பெரியம்மா கையை ஆட்டுவாள். "குளிக்கிறாங்க அக்கா" என்பேன். அக்காவின் கணக்கில் அவளுடைய அம்மா உலகத்திலேயே சுத்தமான பெண்மணி. எப்போது கூப்பிட்டாலும் குளித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்தக் கோபக்காரி ஒரு பழைய ரேடியோ பெட்டி வாங்கினாள். சனிக்கிழமை சாயங்காலம் சிற்றலையில் அக்காவின் நிலையம் நம் மொழியில் கொஞ்ச நேரம் பேசும். மிஷின் ஓடினால் ரேடியோவில் கரகரவென்று இரைச்சல் வருமென்பதால், உலகமே வந்து வாசலில் நின்றாலும் நிற்காத மிஷின் அப்போது மட்டும் நிற்கும். முள்ளைத் திருப்பி அக்காவின் குரலைப் பிடித்ததும் பெரியம்மா பதிலுக்குப் பதில் பேச ஆரம்பிப்பாள். "மூச்சு விட்டுப் படிடி, யாரு துரத்துறா?" "இவ்வளவு பெரிய விபத்தை இப்படிச் சிரிச்ச வாயோடவா சொல்லுவ?"

"பெரியம்மா, இதையே மொபைல்ல இன்னும் தெளிவாக் கேக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மொபைல்ல மைக் இருக்குடி, மக்கு. நான் வாய் தவறி ஏதாவது சொன்னா அங்க போயிடும். ரேடியோவுக்குக் காது கிடையாது. நான் அவ பேசுறதைக் கேக்குறேன். நான் பேசுறது அவளுக்குக் கேக்காது. இப்ப சொல்லு, யாரு ஜெயிச்சது?"

இப்படி ஜெயித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அக்காவே ஒரு சனிக்கிழமை அறிவித்தாள். சிற்றலை ஒலிபரப்பு இந்த மாதத்தோடு நிற்கிறது. கடைசிச் சனிக்கிழமைக்குப் பிறகு இணையத்தில் மட்டும்தான். பெரியம்மா பல்லில் கடித்த நூலை அறுக்காமலே உட்கார்ந்திருந்தாள். "நிறுத்தட்டும், நிறுத்தட்டும். கடைசி நாள் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமக் கேப்பேன்" என்றாள்.

அந்த வாரம்தான் வெள்ளைக்கொடி எங்கள் ஏரியலை அறுத்தார்.

வெள்ளைக்கொடி மேல்வீட்டு லாண்டரிக்காரர். லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளை வாங்கித் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் கட்டடம் யாரிடமோ சரணடைந்ததுபோல இருக்கும். அவர் மட்டும் யாரிடமும் சரணடைந்தது இல்லை. அவருடைய சோப்புத் தண்ணீர் மேலிருந்து ஒரு பைப் வழியாக எங்கள் சமையலறை ஜன்னலுக்கு அடியில் கொட்டும். அதற்காகப் பெரியம்மாவும் அவரும் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

எங்கள் ஏரியல் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவரின் மூலையிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி. இரண்டு முனையிலும் பீங்கான் குமிழ். கம்பி சுவரில் படக்கூடாது, பட்டால் பிடித்த அலையெல்லாம் சுவருக்குள் போய்விடும். அதிலிருந்து ஒரு ஒயர் சுவரோடு இறங்கி, ஜன்னல் வழியாக ரேடியோவின் முதுகில் சிவப்புத் திருகில் மாட்டியிருக்கும். பக்கத்துக் கறுப்புத் திருகிலிருந்து தடித்த பச்சை ஒயர் ஒன்று சமையலறை ஜன்னலைத் தாண்டி, வெளியே மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்குப் போகும். அது எர்த். "ரேடியோவுக்கு ஒரு கை ஆகாயத்துல, ஒரு கால் மண்ணுல இருக்கணும்" என்பாள் பெரியம்மா.

அந்த ஆகாயத்துக் கையின்மேல் வெள்ளைக்கொடி பஞ்சு அடைத்த, நனைந்த ரஜாய்ப் போர்வை ஒன்றைப் போட்டார். அவருடைய கொடியில் இடமில்லையாம். செம்புக் கம்பி பட்டென்று அறுந்து, ரஜாய் புறா எச்சத்தில் விழுந்தது. கடுப்பில் அவர் மிச்சக் கம்பியையும் வெட்டிச் சுருட்டி மேலிருந்து வீசினார். அது எங்கள் வாசலில் வந்து விழுந்தது.

"யோவ்! யாருய்யா என் ஏரியலை அறுத்தது?"

"உங்க ஏரியல்தாம்மா என் ரஜாயைக் கெடுத்துச்சு! துணி காயப்போட லாயக்கில்லாத கொடியை எதுக்கு மாடியில கட்டுறீங்க?"

"அது கொடி இல்லய்யா!"

"பாத்தாலே தெரியுது, கொடி இல்லன்னு. ஒரு ரஜாயைத் தாங்கல!"

பெரியம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் வந்த அமைதியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் குஷி கிளம்பிவிட்டது.

முதல் அடி அவளுடையது. வீட்டுச் சொந்தக்காரரைப் பிடித்து உட்காரவைத்து, சோப்புத் தண்ணீரால் அஸ்திவாரமே அரித்துப்போகிறது, நாளைக்குக் கட்டடம் சாய்ந்தால் யார் பொறுப்பு என்று ஒரு மூச்சு அழுதாள். மறுநாளே பிளம்பர் வந்தார். மேல்வீட்டுப் பைப்பைத் திருப்பிப் பின்பக்கத்துச் சாக்கடையில் விட்டார். பின்பக்கம் வெள்ளைக்கொடியின் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. சாக்கடை பொங்கினால் கொசு எங்கே போகும் என்று பெரியம்மா கணக்குப் போட்டிருந்தாள். அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள்.

இரண்டாவது அடி என்னுடையது. "புதுக் கம்பி எதுக்குப் பெரியம்மா? அவர் கொடி இருக்கே. நல்ல இரும்புக் கம்பி. நம்மதை விட நீளம்."

அவள் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அப்படி ஒரு பெருமையோடு என் ரிசல்ட் தாளைக்கூட யாரும் பார்த்ததில்லை. பார்க்கிற மாதிரி அதில் எதுவும் இருந்ததில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளைக்கொடி லாட்ஜுக்கு மூட்டை கொண்டுபோன நேரம் பார்த்து மாடி ஏறினேன். கொடியின் இரண்டு முனையையும் அவிழ்த்து, தூணுக்கும் கம்பிக்கும் நடுவில் நைலான் கயிறு கொடுத்துக் கட்டினேன். தொட்டிக்கு அடியில், அவர் குனிந்தாலொழியத் தெரியாத இடத்தில், கம்பியின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, சுவரோடு இறங்குகிற நம் ஒயரைப் பல் வைத்த கிளிப்பால் கவ்வவைத்தேன். பெரியம்மா கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். "அவன் கம்பியிலயே கேக்கப்போறேன்டி. அவனே இழுத்துக் கட்டி, அவனே துடைச்சு வச்சு!"

சனிக்கிழமை வந்தது. மாடியில் கொடி காலி. மிஷினை நிறுத்தி ரேடியோவைப் போட்டோம். குர்ர்ர் என்றது. முள்ளை எங்கே திருப்பினாலும் அதே உறுமல். அதற்குப் பின்னால், மாவு மிஷினுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி, அக்கா. டியூப்லைட்டை அணைத்தோம். பிரிட்ஜை அணைத்தோம். உறுமல் போகவில்லை. நிகழ்ச்சி முடிந்தே போய்விட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்பேன் என்றவளுக்கு நாலு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

நான் ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பச்சை ஒயர் போன வழியில் வெளியே போனேன். மண்ணில் அடித்த கம்பி, விழப்போகிற பல் மாதிரி ஆடியது. சுற்றிலும் களிமண் காய்ந்து, வெடித்து, கம்பியைவிட்டு ஒதுங்கி நின்றது. நான் மேலே பார்த்தேன். பைப் இருந்த இடத்தில் புதுச் சிமென்ட் பூச்சு. இத்தனை காலமும் அந்த மண்ணை ஈரமாக வைத்திருந்தது, பெரியம்மா நாள் தவறாமல் திட்டிய அதே சோப்புத் தண்ணீர்.

பெரியம்மாவும் வந்து பார்த்தாள். அவள் கண் கம்பிக்கும் பூச்சுக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

"சொல்லாத" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"நினைக்கவும் நினைக்காத."

இனி மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை. பைப்பைத் திருப்பி வையுங்கள் என்று யாரிடமாவது கேட்பதற்குப் பதில் அவள் நாக்கை அறுத்துக்கொள்வாள். கம்பியைச் சுத்தியலால் இன்னும் ஆழமாக இறக்கினேன். வெடிப்பில் ஈரமண் குழைத்து அடைத்தேன். முதல் வாளித் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. வாரம் முழுக்க இரண்டு பேரும் மாறி மாறி ஊற்றினோம். எதிரி அழுக்குத் தண்ணீரில் சும்மா செய்த வேலையை நாங்கள் நல்ல தண்ணீரில் இடுப்பு ஒடியச் செய்தோம். ஒவ்வொரு வாளிக்கும் பெரியம்மா அவரை ஒரு திட்டு திட்டினாள். மண் மெதுவாக இளகிக் கம்பியைப் பிடித்தது. உறுமல் அடங்கியது.

கடைசிச் சனிக்கிழமை வானம் மூடிக்கொண்டது. நான் மாடிக்கு ஓடிப் பார்த்தால் கொடி நிறைய ஈர விரிப்பு. ஒவ்வொன்றின் நுனியும் தரையில் புரண்டுகொண்டிருந்தது. இப்படி இருந்தால் கம்பி பிடிக்கிற அலை முழுக்க ஈரத்துணி வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். கீழே வந்து சொன்னேன். பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படியேறினாள். முழங்கால் வலி என்று அவள் அந்தப் படிப்பக்கமே வந்து ரொம்ப காலம்.

"யோவ், துணியை எடு."

வெள்ளைக்கொடி வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு திரும்பினார். அதை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு எடுக்கணும்? ஈரம் சொட்டுது. கண்ணு தெரியலயா?"

"எடுன்னா எடு."

"ஏம்மா, பைப்பைத் திருப்பின மாதிரி இதையும் திருப்பலாம்னு பாக்குறீங்களா? இது என் கம்பி!"

"கம்பி உன்னுதுதான். அதுல வர்றது என்னுது."

அவர் பெரியம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். அதை விரலால் தடவிக்கொண்டே போனார். நைலான் கயிற்றில் ஒரு நிமிடம் நின்றார். தொட்டிக்கு அடியில் குனிந்தார்.

"இது என்ன அட்டை மாதிரி கடிச்சுக்கிட்டு இருக்கு? ஏய் வாலு! உன் வேலையா?"

"கொடி ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு கட்டினேன் அங்கிள்."

"இதுவும் ஸ்ட்ராங்குக்கா?" என்று கிளிப்பில் கை வைத்தார்.

பெரியம்மாவுக்கு வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை. ஊசிக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அக்கா பேசுது அங்கிள். இன்னிக்குத்தான் கடைசி. இதுக்கு மேல ரேடியோவுல வராது."

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் பாக்கெட் அத்தனையும் தைக்கப்பட்டன. வெள்ளைக்கொடி கையை எடுத்தார். 

"அதுக்குத்தான் வாரம் பூரா கீழ தண்ணி ஊத்தினீங்களா? நான் ஏதோ செடி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். முளைக்கவே இல்லையேன்னு எனக்கே பாவமா இருந்துச்சு."

"வாயை மூடிக்கிட்டுத் துணியை எடுய்யா, நேரமாகுது."

"எடுக்கிறேன். ஆனா என் கம்பி. அதனால நானும் வந்து கேப்பேன்."

"என் வீட்டுக்குள்ளயா?"

"கம்பிக்கு வாடகைன்னு வச்சுக்குங்க."

மூன்று பேரும் சேர்ந்து விரிப்புகளை உருவிக்கொண்டு கீழே வந்தோம். ஸ்டூலில் அவர், மடியில் ஈர மூட்டை. மிஷினுக்குப் பின்னால் பெரியம்மா. "தரையில சொட்டுது" என்றாள். "எர்த்துக்கு நல்லதுதானே" என்றார். அவள் பல்லைக் கடித்தாள்.

அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. செய்தி வாசித்தாள். எப்போதும்போல வேகமாக. பிறகு தாள் திருப்புகிற சத்தம்கூடக் கேட்டது. "இத்தனை நாளும் இந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருந்தேன். அந்தப் பக்கம் யார் இருக்கிறீர்கள் என்று தெரியாது. இருந்தவர்களுக்கு நன்றி" என்றாள். அதற்குமேல் இருமல் வந்தது.

"தண்ணி குடிடி. பக்கத்துலதானே வச்சிருப்ப" என்றாள் பெரியம்மா.

"அதுக்குக் கேக்காதும்மா" என்றார் வெள்ளைக்கொடி.

"கேக்கக் கூடாதுன்னுதான்யா!"

நிலையத்தின் இசை வந்தது. அது பாதியில் நின்றது. பிறகு வெறும் இரைச்சல். பெரியம்மா ரேடியோவை அணைக்காமல் முள்ளை இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை நகர்த்திக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்கொடி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "பைப்பை வேணும்னா பழையபடி இந்தப் பக்கமே விடச் சொல்லட்டுமா?" என்றார்.

"இனிமே எதுக்கு?" என்றாள் அவள்.

அந்த வாரம் அவருடைய பேன்ட் ஒன்று கால் குட்டையாக்க வந்தது. அவள் தைத்துக் கொடுத்தாள். நான் நைசாகக் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு பாக்கெட் தைத்துத்தான் இருந்தது. ஏரியலை அறுத்தது அறுத்ததுதானே.

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு மிஷினை நிறுத்திவிட்டு, இரைச்சலுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லோரையும் பழிவாங்கத் தெரிந்தவளுக்கு, தன்னைத்தான் பழிவாங்கிக்கொள்கிறோம் என்று தெரியவில்லை. அவளை ஒரு கை பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். போனில் அக்காவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, மிஷின் மேசையில் வைத்தேன்.

"அக்கா, பெரியம்மா இப்ப குளிக்கல."

பெரியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சட்டென்று மிஷினை மிதித்தாள். டர்ர்ர் என்று ஓடியது. பேச்சே கேட்கக் கூடாது என்பதுபோல மிதித்தாள். துணியே இல்லை, வெறும் ஊசி ஏறி இறங்கியது.

"அந்த மோட்டார் பெல்ட்டை இன்னும் மாத்தலையா?" என்றாள் அக்கா.

மிஷின் நின்றது.

"வாலு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் அக்கா. "அந்தக் கோட்டு இருக்கே, அதுல இடது பாக்கெட் தைச்சிருக்கு. இங்க வந்து இறங்கின அன்னிக்குக் குளிர்ல கையை விட்டேன், போகல. தெருவுல நின்னு அழுதேன். வேற கோட்டு வாங்கவும் இல்ல, அதைப் பிரிக்கவும் இல்ல. இத்தனை குளிருக்கும் ஒரு கை விறைச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன்."

பெரியம்மா என்னைப் பார்த்து இரண்டு விரலால் நூலைப் பிரிப்பதுபோலக் காட்டினாள். பிரித்துக்கொள்ளச் சொல்லாம். நான் தலையை ஆட்டினேன். சொல்ல மாட்டேன். இன்னும் வேகமாகக் காட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தேன்.

அப்போது அவள் போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். தெருமுனை வரை கேட்கிற குரலில் என்னிடம் சொன்னாள்: "ஏய் வாலு! சில பேரு தையலைப் பிரிக்கிறேன்னு பிளேடை எடுத்துக் கிழிச்சு வைப்பாங்க. முடிச்சு உள்பக்கம் ஓரத்துல இருக்கும், அதை ஊசியால எடுத்தா ஒரே இழுப்புல மொத்தமும் வந்துடும். இதுகூடத் தெரியாத ஜென்மங்கதான் ஊர் ஊராப் போய் வேலை பாக்குதுங்க!"

போன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது: "வாலு, அந்த ஜென்மத்துக்கிட்ட ஊசி இல்லன்னு சொல்லு."

"ஊசி இல்லாத ஊருல என்னத்த குப்பை கொட்டுறாங்களாம்னு கேளுடி வாலு!"

இருட்டும்வரை இரண்டு பேரும் என்னோடுதான் பேசினார்கள். நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. போனை வைத்த பிறகு, "என்ன பெரியம்மா, உங்க குரல் அக்கா காதுல விழாதுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

அவள் மிஷினில் புது நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நான் உன்கிட்டதான்டி பேசினேன்" என்றாள். "ஒட்டுக் கேட்டது அவ தப்பு."